பல் மருத்துவ உதவியாளர்களுக்குக் கேஸ் வைத்துப் பயிற்சி கொடுத்தால் பலன் உண்டா?

கேள்வி, மார்ச் 2

கிளினிக்கில் அசிஸ்டன்ட் வேலைக்குப் புதிதாக இரண்டு பேரை எடுத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேஸ் ஸ்டடி (நடக்கக்கூடிய ஒரு சம்பவத்தைத் தாளில் கொடுத்து, என்ன செய்வாய் என்று கேட்பது) வைத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்று யோசனை. கூட்டாளி டாக்டர் சிரிக்கிறார். "நோயைக் கண்டுபிடிக்கிறது நம்ம வேலை. அவங்க வேலை வாயில எச்சிலை உறிஞ்சுற சக்ஷன் குழாயைப் பிடிக்கிறது, ட்ரே எடுத்து வைக்கிறது. அதுக்கு எதுக்குக் கேஸ்?" என்கிறார். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

மார்ச் 2, இரவு 10.20

செய்து பார்த்திருக்கிறேன் டாக்டர். பல வருடம் நாற்காலிக்கு இடப்பக்கம் உட்கார்ந்து சக்ஷன் பிடித்தவள் நான். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை.

உங்கள் கூட்டாளி சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. பல் மருத்துவ மாணவர்களுக்கு எழுதிய கேஸை அப்படியே தூக்கிவந்து அசிஸ்டன்ட் முன்னால் வைத்தால் ஒன்றும் நடக்காது. "45 வயது ஆண், கீழ் வலது கடைவாய்ப்பல்லில் வலி, தட்டினால் அதிகமாகிறது, எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருநிழல், நோய் என்ன?" இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவளிடம் கேட்க வேண்டியது, இவர் வந்து உட்காரும் முன் எதை எதை எடுத்து வைப்பாய், எதைப் பார்த்தால் டாக்டரை நிறுத்துவாய், அவர் போன பிறகு எது எங்கே போகும் என்பதெல்லாம்தான்.

ஆக, கேஸ் அவளுடைய ஸ்டூலில் இருந்து எழுதப்பட வேண்டும். நான் முதலில் எடுப்பது இது:

"பல் எடுக்க வந்த இளைஞர். உட்காரும்போது நிறையப் பேசினார். மரத்துப்போகிற ஊசி போட்டு முடிந்ததும் பேச்சு நின்றுவிட்டது. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. டாக்டர் எக்ஸ்ரே பார்க்கத் திரும்பியிருக்கிறார். உன் வலது கையில் சக்ஷன். அடுத்த பத்து விநாடியில் என்ன செய்வாய்?"

முதல் பதில் எப்போதும் "தண்ணி குடுப்பேன்". நினைவு தப்பப் போகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறும் என்று யாராவது ஒருத்தி சொல்வாள். அடுத்தது "நிமிர்த்தி உட்கார வைப்பேன்". அதுவும் ஆகாது. மூளைக்கு ரத்தம் குறைந்துதான் இந்த நிலை. நிமிர்த்தினால் இன்னும் குறையும். டாக்டரைக் கூப்பிட்டு, வாயில் இருப்பதை வெளியே எடுத்து, ட்ரேயைத் தள்ளிவிட்டு, நாற்காலியைப் படுக்கையாக்கிக் காலை உயர்த்த வேண்டும். சாதாரண மயக்கம் என்றால் ஓரிரு நிமிடத்தில் முகத்தில் நிறம் திரும்பும். திரும்பாவிட்டால் அது வேறு ஏதோ. ஆக்சிஜனும் அவசர மருந்துப் பெட்டியும் வர வேண்டும், ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும்.

அப்புறம் இரண்டாவது தாள். அதே வியர்வை, அதே நடுக்கம், ஆனால் இவர் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு காலையில் சாப்பிடாமல் வந்தவர். நினைவோடு இருந்தால் உடனே இனிப்பான பானம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் போடக் கூடாது. மூன்றாவது தாளில் எட்டு மாதக் கர்ப்பிணி. அவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் வயிற்றின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்திவிடும். இடப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். ஒரே மாதிரி முகம், மூன்று பேர், மூன்று வழி. பாடமாக நடத்தினால் மறந்துபோகும். மூன்று தாளையும் கையில் கொடுத்து வாக்குவாதம் செய்ய விட்டால் மறக்காது.

மார்ச் 3, காலை

கேஸால் ஆகாதது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாரம் ஒரு மணி நேரத்திலேயே எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுவீர்கள். கை வேலை கேஸில் வராது. பல் அச்சு எடுக்கும் அல்ஜினேட் மாவைக் கலக்குவது, சிமென்ட் பதம், கருவி கைமாற்றுவது எல்லாம் கையால்தான் வரும். அல்ஜினேட் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால் ட்ரேயில் போடுவதற்குள் இறுகத் தொடங்கும் என்று நூறு முறை சொல்லலாம். கிண்ணத்தில் கட்டியாக நிற்பதை ஒரு தடவை பார்த்தால் போதும்.

மார்ச் 3, மாலை

காலையில் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஒருவர் கீழே கேட்டிருக்கிறார், "சக்ஷன் பிடிப்பதைக்கூடவா கேஸில் கற்றுக்கொடுக்க முடியாது?" என்று. முடியும், ஒரு அளவுக்கு.

நாற்காலியைச் சுற்றிக் கடிகார முகம் இருப்பதாக நினைத்து உட்காரும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோயாளியின் தலை 12 மணி. வலது கைக்கார டாக்டருக்கு 7 முதல் 12 வரை, அசிஸ்டன்டுக்கு 2 முதல் 4 வரை, கருவி கைமாறுவது 4க்கும் 7க்கும் நடுவில், நோயாளியின் மார்புக்கு மேலே. 12க்கும் 2க்கும் நடுவில் நகரும் சாமான் எதையும் வைத்துக்கொள்ளலாம். அசிஸ்டன்டின் ஸ்டூல் டாக்டருடையதைவிடப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்குள் எதுவும் தெரியாது. படம் போட்டுக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

இதையே கேஸாகப் போட்டேன்: "டாக்டர் இடது கைக்காரர். உனக்கு முதல் நாள். எங்கே உட்காருவாய்?" அறை முழுக்கக் குழப்பம். கடிகாரத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்ப வேண்டும் என்று ஒருத்தி எழுந்து நின்று கையால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள். அதுவரை படத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு, எதற்காக அந்தப் படம் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆனால் சக்ஷன் நுனியின் சாய்வு வெட்டு பல்லின் பக்கம் பார்த்து நிற்க வேண்டும், கன்னத்துச் சதையை இழுத்துப் பிடித்துக்கொள்ளக் கூடாது, நாக்கின் அடிப்பகுதியைத் தொட்டால் ஓங்கரிக்கும் என்பதெல்லாம் கைக்குத்தான் தெரிய வேண்டும். அது தாளில் வராது. காலையில் சொன்னதில் இவ்வளவு நிற்கிறது.

மார்ச் 5, இரவு

மிக அதிகமாகப் பேச வைக்கிற கேஸ் எது என்று கேட்டால், தவறான பல்லைப் பிடுங்குவது. இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாள் ஒன்று: பத்து வயதுச் சிறுமி. பல் வரிசை சரிசெய்யும் டாக்டரிடமிருந்து சீட்டு: "மேல் வலது 4 எடுக்கவும்." வாயில் பார்த்தால் நான்காவது இடத்தில் ஒரு பல் நிற்கிறது. டாக்டர் ஊசி போட்டுவிட்டார். ட்ரேயில் ஃபோர்செப்ஸ் எடுத்து வைக்கிறாய். எதையாவது கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும். நான்காவது இடத்தில் நிற்பது முன்கடைவாய்ப்பல்லா, இன்னும் விழாத பால் கடைவாய்ப்பல்லா? இரண்டு இலக்க முறையில் (முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பது, அடுத்தது எத்தனையாவது பல் என்பது) முன்கடைவாய்ப்பல் 14, பால்பல் 54. சீட்டில் வெறும் 4 என்று இருந்தால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

தாள் இரண்டு: பெரியவர். வேறொரு ஊரிலிருந்து கொண்டுவந்த சீட்டில் "16 எடுக்கவும்". இரண்டு இலக்க முறையில் 16 என்றால் மேல் வலது முதல் கடைவாய்ப்பல். 1 முதல் 32 வரை தொடர்ச்சியாக எண்ணும் முறையில் அதே 16 மேல் இடது ஞானப்பல். வாயின் எதிர்ப்பக்கம்! அதே போல 11 ஒரு முறையில் மேல் வலது முன்பல், மற்றதில் மேல் இடது கோரைப்பல். எண்ணைப் பார்த்து எதையும் ஊகிக்கக் கூடாது, பல்லின் பெயரையும் பக்கத்தையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும் என்பதற்கு இந்த ஒரு தாள் போதும்.

தாள் மூன்று: கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்லை சின்ன வயதிலேயே எடுத்துவிட்டார்கள். இரண்டாவது கடைவாய்ப்பல் முன்னால் சரிந்து அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பார்த்தால் 46 மாதிரி தெரிகிறது, உண்மையில் அது 47. எக்ஸ்ரே திரையில் இருக்கிறது, ஆனால் டாக்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரை உன் கண்ணுக்கு நேராக.

இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. மூன்று தாளிலும் பயிற்சிப் பெண்கள் சரியான பதிலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "சரி, டாக்டரிடம் எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டதும் அறை அமைதி. ஒருத்தி சொன்னாள், "சொல்ல மாட்டேன் அக்கா. டாக்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது?" இன்னொருத்தி, "நோயாளி முன்னால சொன்னா அவருக்கு அவமானம்" என்றாள்.

அறிவு குறை கிடையாது, வாய் வரவில்லை. அதனால் அன்றிலிருந்து டாக்டரையும் உட்கார வைத்துத்தான் கேஸ் நடத்துகிறேன். அவர் முன்னாலேயே ஒரு வாக்கியத்தை முடிவு செய்துகொண்டோம்: "டாக்டர், சீட்டை ஒருமுறை பார்க்கலாமா?" இதைக் கேட்டால் கையில் எது இருந்தாலும் அவர் நிறுத்திவிட்டுப் பார்ப்பார். நோயாளிக்கு இது வழக்கமான நடைமுறை போலத்தான் கேட்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் 2008ல் வந்தது. அதிலும் கத்தி வைக்கும் முன் எல்லோரும் நின்று நோயாளியின் பெயர், என்ன சிகிச்சை, எந்த இடம் என்று வாய்விட்டுச் சொல்லும் கட்டம் உண்டு. பல் பிடுங்குவதற்கும் அதுவே பொருந்தும்.

உங்கள் கூட்டாளி டாக்டரையும் அந்த ஒரு மணி நேரத்துக்கு உட்கார வையுங்கள். அவர் சிரிப்பது நிற்கிறதா பார்ப்போம்.

மார்ச் 6

பக்க விளைவு ஒன்று: கேஸ் நடத்திய அடுத்த வாரம் எல்லோருக்கும் எல்லாமே அவசரமாகத் தெரியும். கொட்டாவி விட்ட நோயாளிக்கு ஆக்சிஜன் எடுத்துவர ஓடினாள் ஒருத்தி. தானாகச் சரியாகிவிடும்.

மார்ச் 9, இரவு

கிருமிநீக்கத்தைக் கேஸாக்க முடியாது, அது வெறும் விதிப்பட்டியல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல கேஸ் அதில்தான்.

"திங்கட்கிழமை. போன வாரம் ஆட்டோகிளேவில் (நீராவியால் கருவிகளின் கிருமியைக் கொல்லும் இயந்திரம்) வைத்த ஸ்போர் சோதனையின் முடிவு வந்திருக்கிறது: கிருமி வளர்ந்திருக்கிறது. அதற்கு முந்தைய வாரச் சோதனை சரியாக இருந்தது. அலமாரியில் இருக்கும் பைகள் எல்லாவற்றிலும் கோடு நிறம் மாறித்தான் இருக்கிறது. காத்திருக்கும் இடத்தில் நான்கு பேர். என்ன செய்வாய்?"

"கோடு நிறம் மாறியிருக்கே, அப்ப சுத்தம்தானே" என்பதுதான் முதல் வாதம். பைக்கு வெளியே இருக்கும் கோடு அந்தப் பை சூட்டைப் பார்த்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். உள்ளே நீராவி போதுமான நேரம் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. நீராவிக்கு எளிதில் சாகாத ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற கிருமியின் வித்துகளை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. வாரம் ஒருமுறை செய்வது வழக்கம்.

அப்புறம் துப்பறியும் வேலை. எந்த நாளிலிருந்து சந்தேகம்? கடைசியாகச் சரியாக வந்த சோதனையிலிருந்து. அந்த நாட்களில் எத்தனை லோடு ஓடியது? எந்த லோடு எந்த நோயாளிக்குப் போனது? பையில் தேதியும் லோடு எண்ணும் எழுதியிருந்தால் பத்து நிமிடத்தில் பதில். எழுதாவிட்டால் அலமாரி முழுவதும் சந்தேகத்துக்கு இடம். பையில் எண் எழுதச் சொல்லி நான் எத்தனை முறை கத்தியும் நடக்காதது, இந்தக் கேஸுக்குப் பிறகு நடந்தது. ஏன் எழுத வேண்டும் என்பதை அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்த தாளில் காரணம் தேடுவார்கள். பைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடைத்து வைத்தது, கதவின் ரப்பர் வளையம் தேய்ந்தது, உலரும் முன் அவசரமாகத் திறந்தது. ஈரமான பையைத் தொட்டாலே வெளியிலிருக்கும் கிருமி காகிதம் வழியாக உள்ளே போகும்.

மார்ச் 10

வெப்பநிலை, நேரம் கேட்டிருக்கிறீர்கள். பையில் போட்ட கருவிக்கு, காற்றைத் தானாக வெளியேறவிடும் பழைய வகை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம். முதலிலேயே காற்றை உறிஞ்சி எடுக்கும் வகையில் 134 டிகிரியில் 3 நிமிடம் போதும். உலரும் நேரம் இரண்டிலும் தனி. சூடேறும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள் சிலர், அது கூடாது. மற்றபடி உங்கள் இயந்திரத்தின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே.

கூடவே இன்னொன்று. எதை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்கு நுண்ணுயிரியலாளர் ஸ்பால்டிங் 1968ல் வகுத்த மூன்று படி இன்னும் பயன்படுகிறது: எலும்பையும் சதையையும் துளைப்பது, வாயின் உள்தோலைத் தொடுவது, வெளித்தோலை மட்டும் தொடுவது. பல்லைத் துளைக்கும் கருவியான ஹேண்ட்பீஸ் இரண்டாவது படியில்தான் வரும், ஆனாலும் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஆட்டோகிளேவுக்குப் போக வேண்டும். அதன் உள்குழாய்க்குள் எச்சிலும் ரத்தமும் உறிஞ்சப்படலாம். வெளியே துடைத்தால் உள்ளே இருப்பது எப்படிப் போகும்?

மார்ச் 12, இரவு

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். கேஸ் வைத்துக் கற்பிக்கும் முறை எங்கே தொடங்கியது என்று ஒருவர் கேட்டார். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் லேங்டல் 1870ல் கொண்டுவந்தார். மருத்துவத்தில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969ல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே, சிக்கலைக் கொடுத்துப் பாடத்தைத் தேட வைக்கும் முறையில் தொடங்கியது. சரி, அது இருக்கட்டும்.

எனக்குப் பிடித்த வரலாறு வேறு. நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்று ஒரு பல் டாக்டர். 1885ல் மால்வினா குவேரியா என்ற இளம்பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டார். இந்தத் தொழிலின் முதல் உதவியாளராக அவரைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். பெண்கள் தனியாகப் பல் டாக்டரிடம் போகத் தயங்கிய காலம். உள்ளே ஒரு பெண் இருக்கிறார் என்பதே விளம்பரமாக இருந்தது. 1924ல் ஜூலியட் சதர்டு அமெரிக்காவில் பல் உதவியாளர்களுக்கென்று சங்கம் தொடங்கினார்.

இதே கெல்ஸ்தான் பல் எக்ஸ்ரேயின் முன்னோடிகளிலும் ஒருவர். ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895. அடுத்த வருடமே கெல்ஸ் அதைப் பல்லுக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். குழாயைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் தன் கையையே கதிருக்கு முன்னால் நீட்டிப் பார்த்தார். கையில் புற்றுநோய் வந்தது. அறுவை மேல் அறுவை, விரல்கள் போயின, கை போனது. 1928ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

எக்ஸ்ரே கேஸ் தொடங்கும்போது இந்த வரலாற்றைத்தான் படிக்கக் கொடுக்கிறேன். பிறகு இது: "ஐந்து வயதுப் பையன், வாய்க்குள் வைக்கும் எக்ஸ்ரே சென்சாரைத் துப்பிக்கொண்டே இருக்கிறான். டாக்டர் அவசரத்தில் 'நீயே கொஞ்சம் பிடிச்சுக்கோ' என்கிறார்." பிடிக்கலாமா? கூடாது. ஊழியர் ஒருபோதும் நோயாளி வாயில் பிடிக்கக் கூடாது. ஹோல்டர் வைத்துப் பார்க்க வேண்டும்; முடியாவிட்டால் கூட வந்த பெரியவர் ஈய ஏப்ரன் அணிந்து பிடிக்கலாம்; அதுவும் முடியாவிட்டால் இன்னொரு நாள். ஒரு படத்தின் கதிர் மிகக் குறைவுதானே என்று எதிர்வாதம் வரும். நோயாளிக்கு அது எப்போதோ ஒரு படம். பிடிக்கிறவளுக்கு இது தினசரி வேலை.

மார்ச் 13

கேஸ் எங்கிருந்து எடுப்பது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். உங்கள் கிளினிக்கில் நடந்ததிலிருந்துதான். ஆனால் சின்ன இடம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெயரை எடுத்துவிட்டால் போதாது, வயது, ஆணா பெண்ணா, தொழில், வந்த நாள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாற்றும்போது ஒரு கவனம்: கேஸின் உயிர்நாடி எதுவோ அதைத் தொடக் கூடாது. கர்ப்பிணியை ஆணாக்கினால் கதை முடிந்தது.

இன்னொன்று, ஊழியர் யாராவது தடுமாறிய சம்பவத்தை அவர் உட்கார்ந்திருக்கும் அறையில் கேஸாகப் போடாதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும்.

முழுக் கேஸையும் ஒரே தாளில் கொடுக்காதீர்கள். கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார்கள்.

மார்ச் 14, இரவு

போன் கேஸ்களை விட்டுவிட்டேனே என்று இன்று வேலையில் நினைவு வந்தது. நாற்காலிப் பக்கம் நடப்பதைவிட இவை அடிக்கடி வருபவை, போனை எடுப்பவள் அசிஸ்டன்ட்தான்.

"ஒரு அம்மா அழுதுகொண்டே கூப்பிடுகிறார். குழந்தை விழுந்து முன்பல் முழுசாக வெளியே வந்துவிட்டது. கையில் பல் இருக்கிறது, மண் ஒட்டியிருக்கிறது." நீ கேட்கும் முதல் கேள்வி என்ன?

எல்லோரும் "பாலில் போடச் சொல்வேன்" என்று ஒரே குரலில் சொல்வார்கள், எங்கேயோ படித்திருப்பார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது வயது. நான்கு வயது என்றால் அது பால்பல். திருப்பி வைக்கக் கூடாது, அடியில் வளரும் நிரந்தரப் பல்லைக் கெடுக்கும். ஒன்பது வயது என்றால் நிரந்தரப் பல், அப்போது ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. தலையில் அடிபட்டதா, மயங்கினானா, வாந்தி எடுத்தானா என்றும் கேட்க வேண்டும். ஆம் என்றால் பல் அப்புறம், முதலில் ஆஸ்பத்திரி.

நிரந்தரப் பல் என்றால்: வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். அழுக்கு இருந்தால் பாலிலோ ஓடும் தண்ணீரிலோ சில விநாடி அலசலாம், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அங்கேயே குழிக்குள் திருப்பி வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லலாம். பயமாக இருந்தால் பாலில் போட்டு உடனே புறப்பட வேண்டும். உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரம் தாண்டினால் வேரைச் சுற்றியுள்ள திசு பிழைப்பது கடினம்.

இதைத் தாளில் வைத்துப் பேசாமல் ஒருத்தி போனை எடுக்க, இன்னொருத்தி அழும் அம்மாவாக நடிக்க வேண்டும். எங்களிடம் ஒருத்தி அழுத அழுகையில் பக்கத்து அறையிலிருந்து நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

பல் எடுத்த மூன்றாம் நாள் "வலி குறையாமல் கூடுது" என்று வரும் போனும் இப்படித்தான். எடுத்த குழியில் ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் வலிக்கும். "ரெண்டு நாள் பொறுங்க, சரியாயிடும்" என்று சொல்லி வைத்துவிடக் கூடாது, வரச் சொல்ல வேண்டும். விழுங்கக் கஷ்டமா, வாய் திறக்க முடிகிறதா, காய்ச்சலா என்றும் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் ஆம் என்றால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

மார்ச் 17

இரண்டாவது யோசனை. மேலே நான் போட்ட கேஸ்களைத் திரும்பப் படித்தால் ஒரே விபத்துக் களஞ்சியமாக இருக்கிறது. இப்படியே போனால் புதிதாக வந்தவள் பயந்துபோவாள். ஒன்றுமே நடக்காத கேஸும் வேண்டும்.

உதாரணத்துக்கு: ஊசி போட்டதும் "நெஞ்சு படபடங்குது" என்கிறார் ஒருவர். தோலில் தடிப்பு இல்லை, உதடு வீங்கவில்லை, மூச்சில் இழுப்பு இல்லை. பெரும்பாலும் மரப்பு மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின் செய்யும் வேலை, கொஞ்ச நேரத்தில் அடங்கும். அசிஸ்டன்ட் செய்ய வேண்டியது டாக்டரிடம் சொல்லிவிட்டு, நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே நிற்பது. இதே தாளில் தடிப்பும் உதட்டு வீக்கமும் இழுப்பும் இருந்தால் அது ஒவ்வாமை, அப்போது அவசரமாகத் தேவைப்படும் மருந்தும் அட்ரினலின்தான், தொடையில் ஊசியாக. இந்த வினோதத்தை அவர்கள் மறப்பதே இல்லை. மருந்து போடுவது டாக்டர் வேலை. பெட்டி எங்கே இருக்கிறது, எப்போது காலாவதி ஆகிறது என்பது அவள் வேலை.

மார்ச் 20, இரவு

ஊசி குத்திய கேஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

"மாலை ஏழு மணி. கடைசி நோயாளி போய்விட்டார். ட்ரேயைச் சுத்தம் செய்யும்போது மூடாத ஊசி விரலில் குத்திவிட்டது. ஒரு துளி ரத்தம். யாரும் பார்க்கவில்லை." என்ன செய்வாய்?

சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லோருக்கும் தெரியும். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது என்பதும் பாதிப் பேருக்குத் தெரியும். அடுத்த வரிதான் கேஸ்: யாரிடம் சொல்வாய்? தாமதமாகச் சொன்னால் பயனில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்றால் சில மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஒரு குத்தில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்ற 30 சதவீதம் வரைகூட வாய்ப்பு உண்டு. எல்லோரும் பயப்படுவது முதலாவதுக்கு. இரண்டாவதுக்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். "உங்களில் யார் யார் மூன்றையும் போட்டு முடித்தீர்கள்?" என்று கேட்டால் பாதிக் கை மேலே எழாது. நீங்களும் உங்கள் இரண்டு பேரிடம் இன்றே கேளுங்கள் டாக்டர், கேஸ் அப்புறம் இருக்கட்டும்.

ட்ரேயில் ஊசி ஏன் மூடாமல் கிடந்தது என்பது கடைசித் தாள். அதில் அசிஸ்டன்ட் மாட்ட மாட்டாள், டாக்டர்தான் மாட்டுவார். ஊசியைப் பயன்படுத்தியவரே மூடியை ட்ரேயில் வைத்து ஒற்றைக் கையால் அள்ளி மூட வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் முடிவாகும்.

மார்ச் 22

ரூட் கெனால் கேஸ் கேட்டவருக்கு. ஒன்று போதும்.

ட்ரேயில் இரண்டு சிரிஞ்ச், ஒரே அளவு, இரண்டிலும் நிறமில்லாத திரவம், எதிலும் லேபிள் இல்லை. ஒன்றில் மரப்பு மருந்து, மற்றதில் வேர்க்குழாய் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட். டாக்டர் கையை நீட்டி "இன்னும் கொஞ்சம் மரக்க வைக்கணும், குடு" என்கிறார். எதைக் கொடுப்பாய்?

மோந்து பார்ப்பேன் என்றாள் ஒருத்தி. முகக்கவசம் போட்டிருக்கிறாயே என்றாள் பக்கத்தில் இருந்தவள். சரியான பதில், இரண்டையும் கொட்டிவிட்டுப் புதிதாக எடுப்பது. ஹைப்போகுளோரைட்டைச் சதையில் ஏற்றினால் உடனே கடுமையான வலி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீக்கம், தோலுக்கடியில் ரத்தக்கசிவு. இப்படிக் கைமாறிப்போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மரப்பு மருந்துக்குக் கார்ட்ரிட்ஜ் சிரிஞ்ச், கழுவுவதற்கு வேறு வடிவ சிரிஞ்ச், பக்கவாட்டில் துளையுள்ள ஊசி, கலர் லேபிள். ட்ரேயிலும் எதிரெதிர் முனையில். இதையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களே சொல்லிக்கொண்டு போனார்கள், நான் பலகையில் எழுதியதோடு சரி.

மார்ச் 26

டாக்டர் இரண்டு வாரம் நடத்திப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். கூட்டாளியும் உட்கார்ந்தாராம், தவறான பல் கேஸில் அவரே தன் அனுபவம் ஒன்றைச் சொன்னாராம். நல்லது. ஆனால் இரண்டு பேரில் ஒருத்தி வாயே திறப்பதில்லை, என்ன செய்வது என்கிறார்.

டாக்டர் முன்னால் பேச வராதவர்கள் உண்டு. அவளிடம் தாளை முந்தின நாளே கொடுத்து, எழுதி வரச் சொல்லுங்கள். அல்லது அவளையே ஒரு கேஸ் எழுதச் சொல்லுங்கள். எங்களிடம் அப்படி வாய் திறக்காமல் இருந்த ஒருத்தி எழுதி வந்தது இது: "வேர் சிகிச்சைக்கு வந்தவருக்கு ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே தெரியவிட்டு வாயை மூடும் ரப்பர் விரிப்பு) போட்டுப் பத்து நிமிடத்தில் உதட்டைச் சுற்றி அரிப்பு, சிவப்பு. படிவத்தில் 'ஒவ்வாமை எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறார்." லேடெக்ஸ் ஒவ்வாமை. ஒவ்வாமை என்று கேட்டால் மாத்திரையைத்தான் நினைப்பார்கள், ரப்பரை யாரும் நினைப்பதில்லை. அவள் யோசனைப்படி எங்கள் படிவத்தில் "பலூன் ஊதினாலோ ரப்பர் கையுறை போட்டாலோ அரிப்பு, வீக்கம் வந்ததுண்டா?" என்று ஒரு வரி சேர்த்தோம். லேடெக்ஸ் இல்லாத கையுறையும் டேமும் தனி டப்பாவில் இருக்கிறது.

உங்கள் இரண்டாமவள் என்ன எழுதி வருகிறாள் என்று இங்கே போடுங்கள்.